எந்திரம் எழுதிய பதிலை யாரிடம் திருப்பிக் கேட்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் பல வீட்டுக் கொல்லைகளில் சிரிங்கா மரம் நிற்கும். நம் ஆட்களில் நிறைய பேர் அதை வேம்பு என்றே சொல்வார்கள், மாரியம்மன் பூஜைக்கு அதன் இலையைத்தான் பறிப்பார்கள், அம்மை போட்ட பிள்ளையின் படுக்கையைச் சுற்றிச் செருகுவதும் அதைத்தான். இங்குள்ள தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு கேள்வி-பதில் குழுவில், பதில்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் நானும் ஒருவன். அங்கே ஒருநாள் ஒரு இளைஞர், வீட்டு வேப்பமரத்துக் காயை அரைத்து வயிற்றுப் பூச்சிக்குக் குடிக்கலாமா, ஆயா காலத்தில் அப்படிக் குடித்ததாக வீட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டார். சில நிமிடத்திலேயே ஒரு பதில் வந்து விழுந்தது. வேம்பின் மருத்துவக் குணங்கள், எவ்வளவு எடுக்க வேண்டும், எந்த வேளையில் குடிக்க வேண்டும், கர்ப்பிணிகள் தவிர்க்கவும் என்ற எச்சரிக்கை, எல்லாம் வரிசையாக, பிழையில்லாத தமிழில். பலர் கைகூப்பிய பொம்மை போட்டு நன்றி சொன்னார்கள்.

அப்புறம் வெருலத்தில் இருக்கும் ஒரு ஆண்ட்டி, எழுபதைத் தாண்டியவர், ஒரே வரி எழுதினார்: "தம்பி, உங்க மரத்துல பூ என்ன நிறம்?" ஊதா என்று பதில் வந்தது. வேப்பம்பூ வெள்ளை. ஊதாப் பூப்பது சிரிங்கா, தமிழ்நாட்டில் மலைவேம்பு என்பார்களே, அந்த வகை. இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் மஞ்சள் மஞ்சளாகக் கொத்தாகத் தொங்குமே, அந்தக் காய் விஷம். பன்றியும் நாயும் தின்று செத்திருக்கின்றன, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

அந்த முதல் பதிலைப் போட்டவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. கேள்வியை அப்படியே எடுத்து சாட்ஜிபிடியிடம் கொடுத்து, வந்ததை ஒட்டியிருக்கிறார், ஏதோ நம்மால் ஆன உதவி என்று. வேம்பைப் பற்றி அந்தப் பதில் சொன்னதில் பாதிக்கு மேல் எந்த நாட்டு வைத்தியப் புத்தகத்திலும் இருப்பதுதான். அந்தக் கொல்லையில் நின்றது வேம்பு இல்லை என்பதுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்க ஒரு எதிர்க்கேள்வி வேண்டியிருந்தது, அந்த எதிர்க்கேள்வியைக் கேட்க இந்த ஊர் மரத்தைப் பார்த்த ஒருவர் வேண்டியிருந்தது.

இந்தப் பிரச்சினை நம்மைப் போன்ற சின்னக் குழுவுக்கு மட்டும் வந்ததில்லை. உலகத்திலேயே பெரிய கேள்வி-பதில் தளங்களில் ஒன்றான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதில் முதலிலேயே மாட்டிக்கொண்டது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது, ஏனென்றால் நாம் இப்போது பேசுகிற எல்லாச் சண்டையையும் அவர்கள் ஏற்கெனவே போட்டு முடித்திருக்கிறார்கள். ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும் 2008-ல் தொடங்கிய தளம் அது. கணினி நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்பார்கள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள், நல்ல பதிலுக்கு வாக்கு விழும், வாக்கு சேரச் சேரப் பதில் சொன்னவருக்கு மதிப்புப் புள்ளி ஏறும். எல்லாம் சம்பளம் இல்லாத வேலை. இன்னொரு செய்தி, நம் நாட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாதது: 2021-ல் அந்தத் தளத்தை 180 கோடி டாலருக்கு வாங்கியது புரோசஸ், அதாவது கேப் டவுனில் இருக்கும் நாஸ்பர்ஸின் நிறுவனம். 1915-ல் பத்திரிகை நடத்த ஆரம்பித்த அதே நாஸ்பர்ஸ்தான். உலகத்து நிரலாளர்கள் இலவசமாக எழுதிச் சேர்த்த பதில்களின் மேல் இன்று உட்கார்ந்திருப்பது ஒரு தென்னாப்பிரிக்க முதலாளி.

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. டிசம்பர் 5-ஆம் தேதியே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தடை செய்துவிட்டது, ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். எந்திரம் எழுதுவது பாவம் என்றோ ஏமாற்று என்றோ அவர்கள் சொல்லவில்லை. பதில்கள் அடிக்கடி தப்பாக இருக்கின்றன, ஆனால் பார்த்தால் சரி போலத் தெரிகின்றன, போடுவதற்கோ ரொம்பச் சுலபம், இந்த மூன்றும் சேர்ந்தால் சரிபார்க்கிற ஆட்கள் மூழ்கிப்போவார்கள் என்றார்கள். தப்பான பதில் எல்லாக் காலத்திலும் உண்டு. தப்பும் அழகும் வேகமும் ஒன்றாக வருவதுதான் புதிது.

அந்தத் தளத்தில் அதுவரை சொல்லாமலே ஓடிக்கொண்டிருந்த ஒரு வடிகட்டி இருந்தது, அதுதான் உழைப்பு. ஒருவர் நாலு பத்தி ஒழுங்காக எழுதி, உதாரணம் காட்டி, பிழை திருத்திப் போட்டிருக்கிறார் என்றால் அவர் அதற்கு ஒரு மணி நேரமாவது செலவழித்திருப்பார், ஒன்றும் தெரியாதவர் அவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டார் என்று படிப்பவர் மனது தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். வாக்குப் போடுபவர்களும் பாதி நேரம் பதிலைச் சோதித்துப் பார்த்து வாக்குப் போடவில்லை, அந்த உழைப்பின் அடையாளத்தைப் பார்த்துத்தான் போட்டார்கள். இப்போது அந்த அடையாளம் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 517 ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகளை சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பார்த்தார்கள். 52 விழுக்காடு பதில்களில் தப்பான தகவல் இருந்தது, 77 விழுக்காடு பதில்கள் தேவைக்கு மேல் நீளம். அதையும்விட என்னை உறுத்தும் எண் வேறு: அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 35 விழுக்காடு நேரம் எந்திரத்தின் பதிலையே விரும்பினார்கள், தப்பான தகவலை 39 விழுக்காடு நேரம் கவனிக்கவே இல்லை. அவர்கள் விஷயம் தெரிந்த நிரலாளர்கள். அந்த ஆய்வு பழைய சாட்ஜிபிடியை வைத்துச் செய்தது, இப்போது வருபவை நன்றாகவே தேறியிருக்கின்றன, குறிப்பாக நிரல் எழுதுவதில். ஆனால் படிப்பவரின் கண் தேறவில்லையே, அழகான பத்தியைப் பார்த்தால் நம்பும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

தடை போட்டாயிற்று, சரி, யார் பிடிப்பது? பதில்களைப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டர்கள் பிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் நீக்கினார்கள். 2023 மே மாதக் கடைசியில் நிறுவனம் திடீரென்று அவர்களுக்கு வேறொரு உத்தரவு போட்டது: எந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தை வைத்துப் பதில்களை நீக்குவதை ஏறக்குறைய முழுதாக நிறுத்துங்கள், நீங்கள் நிரபராதிகளையும் சேர்த்துத் தண்டிக்கிறீர்கள். மாடரேட்டர்கள் ஜூன் 5-ஆம் தேதி வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம் வாங்காதவர்களின் வேலை நிறுத்தம், ஆனாலும் குப்பை அள்ளும் ஆள் வராத தெரு மாதிரி ஆகிவிட்டது தளம். ஆகஸ்டில் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். நிறுவனம் சொன்ன பயம் பொய்யில்லை. எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. எந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை எந்திரம் என்று சொன்னது. ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். செய்தவனாலேயே தன் சரக்கை அடையாளம் காண முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் செய்த இன்னொரு சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது: ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள், சராசரியாக 61 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. எளிய சொல், நேரான வாக்கியம் எழுதினால் எந்திரமாம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை மட்டும் ஏறக்குறைய சரியாகச் சொல்லின.

இப்போது நம் குழுவை நினைத்துப் பாருங்கள். டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் படித்தவர்கள் கோயில் வகுப்பில் சனிக்கிழமை சனிக்கிழமை படித்தவர்கள், அல்லது பெரியவர்களான பிறகு ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் எழுதும் தமிழ் பாடப்புத்தகத் தமிழ் போலத்தான் இருக்கும், "நான் நேற்று ஆலயத்திற்குச் சென்றேன்" என்பது போல. அதைப் பார்த்து, இது எந்திரம் எழுதியது, தூக்கு என்று சொன்னால், ஐந்து தலைமுறைக்கு அப்புறம் எட்டிப் பிடித்து எழுத வந்த ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதாகும். அதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலர் தனக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் எழுதி, எந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கிப் போடுகிறார்கள். விஷயம் அவருடையது, மொழி மட்டும் எந்திரத்துடையது. டொங்காட்டில் ஒரு அங்கிள் தன் அப்பா கரும்புத் தோட்டத்தில் என்ன கூலி வாங்கினார், ரேஷன் எப்படிக் கொடுத்தார்கள் என்று அப்படித்தான் எழுதுகிறார். அந்தப் பதிலுக்கு ஈடு எங்கும் கிடையாது. எந்திர வாசனை அடிக்கிறது என்று அதை நீக்கினால் நஷ்டம் நமக்கு.

அதனால் யார் எழுதினார் என்று துப்பறியும் வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. பதில் சொன்னவரிடம் திருப்பிக் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியுமா, எதைப் பார்த்துச் சொன்னார் என்று காட்ட முடியுமா, அதை மட்டும் பார்க்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பது வம்சாவளிக் கேள்விகளில்தான் தெரிகிறது. நம் குழுவுக்கு வரும் கேள்விகளில் பெரும் பங்கு அதுதான்: கொள்ளுத்தாத்தா எந்த ஊர், எந்தக் கப்பல். சிலருக்கு மன ஆசை, சிலருக்கு, வெளிநாட்டில் வாழும் வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டைக்குக் காகிதம் வேண்டும். 1860-லிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள், காலனி எண் என்று சொல்வோம். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். முனுசாமி என்றும் வீராசாமி என்றும் நூற்றுக்கணக்கான பேர் வந்திருக்கிறார்கள், வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் பலவிதமாக இருக்கும். எண் ஒன்றுதான் ஆளை ஆளிடமிருந்து பிரிக்கும்.

ஒரு பெண், பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் தெரியும் என்று கேட்டிருந்தார், எண் தெரியாது. வந்த பதில், அவருடைய கொள்ளுத்தாத்தா 1870-ல் ட்ரூரோ கப்பலில் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்தார் என்று காலனி எண்ணோடு சொன்னது, எண் தொண்ணூறாயிரத்துச் சொச்சம். அவர் அழுதேவிட்டதாக எழுதினார். வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

அதைப் பிரித்துப் பார்க்கலாம். ட்ரூரோ மெட்ராஸிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் வந்து நின்ற முதல் கப்பல். எண்கள் வந்த வரிசையில் கொடுக்கப்பட்டவை, ஆகவே ட்ரூரோவில் வந்தவர்களுக்கு ஒன்றிலிருந்து முன்னூற்றுச் சொச்சம் வரைதான் எண் இருக்க முடியும், தொண்ணூறாயிரம் எல்லாம் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குரியது. 1870-ல் எந்தக் கப்பலும் கூலிகளை ஏற்றி வரவில்லை. 1866-ல் ஆள் எடுப்பது நின்றுபோய் 1874-ல்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆகக் கப்பல், வருஷம், எண் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. பிறகு ஏன் ட்ரூரோ, ஏன் தஞ்சாவூர்? ட்ரூரோவைப் பற்றித்தான் இணையத்தில் அதிகம் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஜில்லா என்றால் தஞ்சாவூர் பெயர் நிறைய இடத்தில் வரும். இந்த எந்திரங்கள் பட்டியலைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வதில்லை, இந்த இடத்தில் எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்து அடுத்தடுத்த சொல்லைப் போடுகின்றன. அதிகம் பேசப்பட்டது வாய்க்கு முதலில் வருகிறது. வட ஆர்க்காட்டிலிருந்து ஏராளமானவர்கள் வந்தார்கள். அந்தக் கிராமங்களின் பெயர் டர்பன் ஆவணக் காப்பகத்துப் பதிவேட்டில் இருக்கிறது, எந்திரம் படித்த குவியலில் அவ்வளவாக இல்லை.

இங்கேதான் சின்ன மொழிக் குழுவுக்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கும் வித்தியாசம். பைத்தான் நிரலைப் பற்றித் தப்பாகச் சொன்னால் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஓடாது. தப்பு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நேட்டாலில் வந்திறங்கிய ஒரு வீராசாமியைப் பற்றித் தப்பாகச் சொன்னால் எதுவும் உடையாது. மறுத்துச் சொல்லக்கூடிய ஆள் எங்கோ ஒரே ஒருவர் இருப்பார், அவருக்கும் வயதாகிவிட்டது. அந்தத் தப்பு குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போகும், கல்யாணப் பத்திரிகைக்குப் போகும், பேரப்பிள்ளை அதைப் பள்ளிக் கட்டுரையில் எழுதுவான், அப்புறம் இணையத்தில் ஏறும். இணையத்தில் ஏறியதை அடுத்த எந்திரம் படிக்கும். 2024 மே மாதத்தில் கூகுளின் ஏஐ சுருக்கம், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். ரெடிட்டில் யாரோ பல வருஷத்துக்கு முன் விளையாட்டாக எழுதிய ஒற்றை வரியிலிருந்து எடுத்தது. அது பைத்தியக்காரத்தனம் என்று உலகத்துக்கே தெரிந்ததால் ஒரே நாளில் பிடித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழரைப் பற்றிய ஒரு பொய்யை அப்படி யார் பிடிப்பார்கள்?

நாள் நட்சத்திரக் கேள்விகளிலும் இதே கதை. தைப்பூசக் காவடி எந்த நாள் என்று கேட்டால் எந்திரம் சென்னைப் பஞ்சாங்கத்தை எடுத்துச் சொல்லிவிடும். நம் கடிகாரம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை ஏழரைக்கு முடிகிற நட்சத்திரம் அங்கே சூரியன் உதிக்கும்போது இருக்கும். டர்பனில் அதே நேரம் விடியற்காலை நாலு மணி, ஜனவரியில் இங்கே சூரியன் ஐந்து மணிக்கு மேல்தான் எழும், அதற்குள் நட்சத்திரம் போய்விடும். உதயத்தை வைத்து நாள் கணக்குப் பார்க்கும் கோயில்களில் தேதியே மாறக்கூடும். விரதம் இருந்து காவடி எடுக்கப்போகும் ஒருவருக்கு ஒருநாள் தள்ளிச் சொல்வது சின்ன விஷயமில்லை. கோயில் குருக்களைக் கேளுங்கள் என்று சொல்வது எவ்வளவோ மேல்.

பொறுப்பு என்ற விஷயத்தில் நம் நீதிமன்றம் ஒன்று தெளிவாகப் பேசியிருக்கிறது. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வக்கீல் தரப்பு தாக்கல் செய்த காகிதத்தில் முன்தீர்ப்புகள் என்று ஒன்பது வழக்குகளைக் காட்டியிருந்தார்கள். நீதிபதி தேடிப் பார்த்ததில் இரண்டுதான் அகப்பட்டன. ஏஐ கருவி எதையாவது பயன்படுத்தினீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். கருவி சொன்னதோ, உதவிக்கு இருந்த இளையவர் சொன்னதோ, கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் வைத்தவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதுதான் நீதிபதியின் நிலை, விஷயத்தை வழக்கறிஞர் மன்றத்துக்கும் அனுப்பிவிட்டார். எந்திரமா இல்லையா என்று நிரூபிக்க வேண்டிய தேவையே அங்கே எழவில்லை. இல்லாத வழக்கைக் காட்டினீர்கள், அவ்வளவுதான்.

நாங்களும் அந்த வழியில்தான் வந்து நிற்கிறோம், நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு. எந்திரத்தைத் தொடாதே என்று சட்டம் போடவில்லை, போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை, பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்வார்கள். வம்சாவளி, மருந்து, சாப்பிடும் செடிகொடி, விரத நாள், அரசுக் காகிதம், இவற்றைப் பற்றிய பதிலாக இருந்தால் எங்கிருந்து தெரியும் என்று ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும். "என் ஆயா சொன்னது" என்பதும் ஏற்கத்தக்க வரிதான், உண்மையில் எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த வரி, ஏனென்றால் எந்த ஆயா, எந்தத் தோட்டம் என்று அடுத்த கேள்வி கேட்கலாம். பதிவேட்டுப் பக்கத்தின் படம் இருந்தால் இன்னும் நல்லது. "சாட்ஜிபிடி சொன்னது, நான் சரிபார்க்கவில்லை" என்று எழுதினால்கூட நீக்குவதில்லை, மற்ற பதில்களுக்குக் கீழே தள்ளி வைக்கிறோம், படிப்பவருக்குத் தெரிந்தே படிக்கட்டும். வரி எதுவும் இல்லை என்றால் கேட்போம், இரண்டு நாளில் பதில் இல்லை என்றால் மறைத்துவிடுவோம். யாரையும் குற்றம் சாட்டுவதில்லை, எந்திரம் என்ற சொல்லையே மாடரேட்டர்கள் எடுப்பதில்லை. அதில்தான் நிம்மதி. முன்பெல்லாம் நீ எந்திரம், நான் எந்திரம் இல்லை என்று ஒரு வாரம் சண்டை ஓடும், அதில் மனம் நொந்து போனவர்கள் நல்ல பதில் சொல்பவர்கள்தான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. நேரக் கணக்கு இன்னும் நமக்கு எதிராகவே இருக்கிறது. ஒட்டுபவருக்குப் பத்து விநாடி போதும். சரிபார்ப்பவர் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்துக்கோ டர்பன் காப்பகத்துக்கோ ஒரு காலை வேளையை ஒதுக்கி, கார் எடுத்து, இடம் தேடி நிறுத்தி, பதிவேட்டைப் புரட்ட வேண்டும். நம் குழுவில் அப்படிச் செய்யக்கூடியவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். அவர்களைப் பொய்ப் பதில்களுக்குப் பின்னால் ஓடவிடுவது எனக்குக் கோபம் வரும் விஷயம். அந்த நேரத்தில் அவர்கள் நிஜமான இன்னொரு குடும்பத்துக்கு நிஜமான ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் சரிபார்க்கும் பாரத்தைப் பதில் போடுபவர் தோளில் வைக்கும் விதியைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது, மெதுவாக, சத்தமில்லாமல். கேள்வியே குறைகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் சாட்ஜிபிடி வந்த ஆறு மாதத்தில் நடமாட்டம் கால்பங்கு குறைந்ததாக ஒரு ஆய்வு சொன்னது, அதற்குப் பிறகு இன்னும் கீழே போய்விட்டது. 2024 மே மாதம் அந்த நிறுவனம் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டு, சேர்த்து வைத்த பதில்களைப் பயன்படுத்தக் கொடுத்தது. கோபப்பட்ட சிலர் தாங்கள் எழுதிய பதில்களையே அழிக்கப் போனார்கள், அவர்கள் கணக்கு முடக்கப்பட்டது. இலவசமாக உழைத்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நம் குழுவிலும் பிள்ளைகள் முதலில் எந்திரத்திடம் கேட்டுவிட்டு, வந்த பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "இது சரியா ஆண்ட்டி?" என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கேள்வியாகக் கொண்டு வந்தால் அது வேறு விஷயம், அதில் தப்பு எங்கே என்று நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது குழுவே உயிர் பெறுகிறது. அந்த ட்ரூரோ பதில்கூட முதலிலேயே அப்படிக் கேள்வியாக வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வீட்டாரிடம் திரும்பப் போய் இல்லை என்று சொல்லும் சங்கடம் இருந்திருக்காது.

பெரியவர்களின் பதில்கள் பெரும்பாலும் குரல் பதிவாகத்தான் வருகின்றன, தட்டச்சு செய்ய அவர்களுக்கு முடியாது. தேடினால் கிடைக்காது, ஃபோன் மாறினால் போய்விடும். இப்போது மெரிபேங்கில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் அவற்றைக் கேட்டு எழுத்தில் போட ஆரம்பித்திருக்கிறார்கள், ஒலியை எழுத்தாக்கும் கருவியை வைத்துத்தான். டர்பன் தமிழில் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து வருவதால் கருவி பாதியைத் தப்பாகப் பிடிக்கிறது, அதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டித் திருத்துகிறார்கள், யார் சொன்னது, எந்த ஊர், யாரிடம் கேட்டது என்று கீழே சேர்க்கிறார்கள். வேகமில்லாத வேலை. வாராவாரம் ஏறும் பதில்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றின் கீழும் திருப்பிக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். டொங்காட் அங்கிளின் ரேஷன் கணக்கு போன வாரம் ஏறியது, அரிசி எத்தனை, பருப்பு எத்தனை என்பதில் இன்னொரு குடும்பத்தார் எங்கள் தோட்டத்தில் அப்படியில்லை என்று எழுதியிருக்கிறார்கள், அந்தப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.